மணிக்கட்டுக் கயிறும் சீருடைச் சட்டையும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், உடன்படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனையும், அவனைக் காக்கக் குறுக்கே விழுந்த தங்கையையும் அரிவாளால் வெட்டிய கொடுமைக்குப் பின்னர், பள்ளிக்கூடத்துக்குள் சாதித் துவேஷம் இவ்வளவு ஆழமாகப் புகுந்ததன் காரணங்களை ஆராய்ந்து பரிகாரம் கூறும் பொறுப்பைத் தமிழக அரசு நீதிபதி கே. சந்துருவிடம் ஒப்படைத்தது. அவர் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த காலத்தில், சத்துணவுக் கூடங்களின் பணி நியமனத்திலும் வகுப்புவாரி ஒதுக்கீடு வேண்டும் என்று தீர்ப்பு வழங்கியவர். 2024 ஜூன் 18 அன்று அவர் முதலமைச்சரிடம் சமர்ப்பித்த, அறுநூறு பக்கங்களுக்குக் குறையாத அறிக்கையில் யோசனைகள் ஏராளம். வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைத்தல், பள்ளிகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கள்ளர் சீரமைப்பு’, ‘ஆதி திராவிடர் நலம்’ முதலிய அடைமொழிகளை நீக்குதல், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இடமாற்றம் செய்தல் என்று அந்த வரிசை நீள்கிறது. ஆனால் நாட்டில் எழுந்த விவாதமோ அவற்றுள் ஒன்றைப் பற்றியது மட்டுமே. மாணவர்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறும் விரலில் மோதிரமும் நெற்றியில் திலகமும் இல்லாமல் பள்ளிக்கு வரவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா, அதைப் பற்றிக்கொண்டு எதிர்க்கட்சியினர் சிலர் கொதித்தெழுந்தார்கள். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஓர் உறுப்பினர் அறிக்கையின் பிரதியைக் கிழித்தே போட்டார். அகரவரிசை இருக்கையைப் பற்றி வாய் திறந்தவர்கள் மிகச் சிலர்.

கயிற்றைப் பற்றிய அபிப்பிராயத்தை முதலில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. தென்மாவட்டங்களில் மாணவர்கள் கட்டிக்கொள்ளும் வண்ணக் கயிறு பக்தியின் பாற்பட்டதன்று. இன்ன நிறம் இன்ன சாதி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வதற்கும், விளையாட்டு மைதானத்தில் தன் பக்கத்து ஆட்களின் தொகையை ஒரு நொடியில் கணக்கெடுத்துக்கொள்வதற்கும், கட்டாதவனை இன்னான் என்று ஒதுக்கி வைப்பதற்கும் ஏற்பட்ட சாதனம் அது. 2019ஆம் ஆண்டிலேயே பள்ளிக் கல்வித் துறை இத்தகைய கயிறுகளைக் கண்காணிக்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், அது தமக்குத் தெரியாமல் போன கடிதம் என்றும் பழைய நிலையே தொடரும் என்றும் அன்றைய அமைச்சர் அறிவித்துவிட்டார். அன்று காட்டிய தயக்கத்தின் பலனை அதற்குப் பின் வந்த ஆண்டுகள் பிரத்தியட்சமாகவே காட்டின. சாதியை அறிவிக்கும் கயிற்றுக்குப் பள்ளி வாசலுக்குள் இடமில்லை என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை.

நெற்றியைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதன்று; அதற்குப் பிறகு வருகிறோம். அதற்கு முன், இந்த விவாதம் முழுவதிலும் எல்லோர் கண்ணுக்கும் எதிரிலேயே இருந்தும் எவரும் எடுத்துப் பேசாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவனின் மணிக்கட்டையும் விரலையும் நெற்றியையும் நோக்கியவர்கள் அவன் உடுத்தியிருந்த சட்டையை நோக்கவில்லை.

ஜூன் மாதத்துக் காலை வேளையில், எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு அருகில் ஓரமாக நிற்கிறவருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்து அட்டவணையும் இல்லாமலே இந்த ஊர்ப் பிள்ளைகளின் குடும்ப வருமானத்தைத் தரம் பிரித்துவிட முடியும். கழுத்தில் டை, இடுப்பில் பள்ளி முத்திரை பொறித்த பெல்ட், கட்டம் போட்ட துணியில் தைத்த சட்டை, வேனின் ஜன்னலோரத்தில் அமர்ந்த முகம் என்றால் அது ஒரு தரம். அதே கட்டங்கள் வேறு நிறத்தில், ஆட்டோவில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு வருமானால் அது வேறொரு தரம். தோள்பட்டை சற்று இறங்கி, கைகள் சற்று நீண்டு, அரசாங்கம் கொடுத்த நிறத்தில், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வரும் சட்டை மூன்றாவது தரம். ரங்கநாதர் கோயிலைச் சுற்றிய வீதிகளில், உத்தர வீதி என்றால் இன்னார், சித்திரை வீதி என்றால் இன்னார், அடையவளஞ்சான் வீதி என்றால் இன்னார் என்று குடியிருப்பை வைத்தே மனிதனின் நிலையைச் சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. வீடுகள் கைமாறி, அடுக்குமாடிகள் எழுந்து, அந்தக் கணக்கு பெரும்பாலும் கலைந்துவிட்டது. கலைந்த கணக்கின் இடத்தில் இப்போது சட்டையின் நிறம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சமத்துவத்தின் சின்னம் என்றும் நாம் வர்ணித்துக்கொண்டிருக்கிறோம்.

சீருடையின் பூர்வ சரித்திரத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் தோன்றாது. லண்டன் நகரத்தில் 1552ஆம் ஆண்டு ஏழைக் குழந்தைகளுக்கென்று கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் தர்மப் பள்ளியை ஏற்படுத்தியவர்கள் அப்பிள்ளைகளுக்கு நீல நிறத்தில் நீண்ட அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். பள்ளிச் சீருடையின் மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அதுதான். அந்த அங்கி, இவன் பிறர் தயவில் படிக்கிறவன் என்று ஊருக்கு அறிவித்தது. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கல்விச்சாலைகளும் தத்தமக்கென்று உடைகளை வகுத்துக்கொண்டன. அவை, இவன் எங்களவன் என்று அறிவித்தன. ஆக, தானம் பெறுகிறவனைப் பிரித்துக் காட்டுவதற்கும் தனவானைப் பிரித்துக் காட்டுவதற்கும் ஒரே சாதனம் பயன்பட்டது. சமத்துவம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது; அப்படி வந்து சேர்ந்த இடங்களுள் முக்கியமான ஒன்று நம்முடைய தமிழ்நாடு என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதற்கொண்டு ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கிராமத்தார் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு நாற்காலி, கடிகாரம், கரும்பலகை ஆகியவற்றைக் கொடுத்ததோடு பிள்ளைகளுக்குச் சீருடையும் வாங்கிக் கொடுத்தார்கள். பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே பெஞ்சில் ஒரே நிறத்தில் உட்கார வேண்டும் என்பது அந்நாளைய லட்சியம். கிராமத்துக்கு ஒரே பள்ளி இருந்த காலத்தில் அது அர்த்தமுள்ள லட்சியமாகவும் இருந்தது. பிறகு, 1982 ஜூலை முதல் தேதியன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அத்திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு 1985ஆம் ஆண்டு முதல் இலவசச் சீருடையும் வழங்கப்படலாயிற்று. வருஷத்துக்கு ஒன்றாக இருந்தது 2012ஆம் கல்வியாண்டில் ஜெயலலிதா அரசால் நான்கு செட்டாக உயர்ந்தது. துணி கூட்டுறவுச் சங்கங்களின் தறிகளிலிருந்து வருகிறது. சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களில் பெண்கள் அதைத் தைக்கிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பில் ‘அர்காரு’ என்ற ஊரின் மெல்லிய துணி புகழப்படுகிறது. அந்த ஊர் நம் உறையூரே என்பது அறிஞர் பலரின் முடிவு. அத்தகைய ஊரைத் தன்னுள் கொண்ட திருச்சியில், அரசாங்கத் துணியின் முரட்டுத்தனத்தைப் பற்றித் தாய்மார்கள் முணுமுணுப்பதைக் கேட்கும்போது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், மாற்றிக் கட்ட ஒரு துணி இல்லாத காரணத்தால் பள்ளிக்கு வராமல் நின்ற குழந்தையை வகுப்பறைக்கு அழைத்து வந்தது இந்தச் சட்டை என்பதை மறந்து பேசுகிறவர்கள் நன்றியற்றவர்கள்.

ஆனால் அந்த லட்சியத்தின் அஸ்திவாரம், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பார்கள் என்பதன்றோ? அது பெயர்ந்துவிட்டது. ஒரு பள்ளியின் சுவருக்குள் சீருடை இன்னமும் சமத்துவத்தையே போதிக்கிறது. சுவரைத் தாண்டி வீதிக்கு வந்ததும் அதே சீருடை பேதத்தைப் பறைசாற்றுகிறது. இலவசச் சட்டை அணிந்த பிள்ளையும், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சட்டை அணிந்த பிள்ளையும் ஒரே வீதியில் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தும், காலையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு நடக்க வழியில்லாமல் போயிற்று.

மே மாதக் கடைசியில் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் என். எஸ். பி. ரோட்டிலும் பெரிய கடை வீதியிலும் போய்ப் பார்த்தால், தனியார் பள்ளிச் சீருடை என்பது எத்தகைய வியாபாரமாகியிருக்கிறது என்பது விளங்கும். வாரத்தில் நான்கு நாளைக்கு ஓர் உடை. மற்றொரு நாளைக்கு வெள்ளை உடையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும். பிள்ளை எந்த ‘ஹவுஸ்’ என்பதற்கேற்ப மஞ்சளோ நீலமோ பச்சையோ ஒரு டீ-ஷர்ட். இவற்றுக்கு மேல் டை, பெல்ட், சாக்ஸ், அடையாள அட்டைக்கு முத்திரை நெய்த நாடா. துணியின் கட்டம் அந்தப் பள்ளிக்கென்றே நெய்யப்பட்டிருப்பதால் வேறு கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் பள்ளி குறிப்பிட்ட இடத்தில் வாங்கியதுதானா என்று விசாரிக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்டத்தை மாற்றிவிடும் நிர்வாகங்களும் உண்டு. அண்ணன் போட்டதைத் தம்பி போட்டுக்கொள்ள முடியாமற் போவதைத் தவிர அந்த மாற்றத்துக்கு வேறு பிரயோஜனம் என்ன என்று எவரும் விளக்கியதில்லை. வெயில் நூறு டிகிரிக்குக் குறையாத திருச்சியின் ஜூன் மாதத்தில், தகரக் கூரை வேய்ந்த வகுப்பில், ஆறு வயதுக் குழந்தையின் கழுத்தில் டை கட்டுவதும் காலைச் சாக்ஸில் அடைத்துவைப்பதும் எந்தச் சாஸ்திரத்தில் விதிக்கப்பட்ட ஒழுங்கு என்பதும் தெரியவில்லை. இந்த உடையை நமக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்திலேயே, சீருடைச் செலவு பெற்றோரை வருத்துவதைக் கண்டு, முத்திரை பொறித்த உருப்படிகளை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிகளுக்கு நெறிமுறை வகுக்க 2021ஆம் ஆண்டு ஒரு சட்டமே இயற்றினார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய நிறத்தில் ஒரே ஓர் உடை போதும் என்று தனியார் பள்ளிகளுக்கு விதி செய்வதற்கு நம் அரசுக்கு இருக்கும் தடை என்ன? மத உணர்ச்சி புண்படும் என்ற பயமா? இதில் புண்படக்கூடியது சிலருடைய கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் உடை விதி என்பது எப்போதுமே ஆண் பிள்ளைகளுக்குரியதைவிட நீளமான பட்டியல். இரட்டைச் சடை, ரிப்பன், பூ கூடாது, கொலுசு கூடாது, துப்பட்டாவின் இரு பக்கமும் ஊசி குத்தியிருக்க வேண்டும், அதற்கு மேலும் ஒரு ஓவர்கோட். மூத்த தலைமுறைப் பெண்கள் தாவணியோடு சைக்கிள் மிதிக்கப் பட்ட சிரமத்தைக் கேட்டவர்களுக்கு, அரசுப் பள்ளிகளில் சல்வார் கமீஸ் வந்தது எவ்வளவு பெரிய விமோசனம் என்பது தெரியும். கேரளத்தில் வளையஞ்சிரங்கரை என்ற ஊரின் ஆரம்பப் பள்ளி 2018ஆம் ஆண்டு ஆண் பெண் இருபாலருக்கும் ஒரே மாதிரி முழங்கால் அளவுக் கால்சட்டையைக் கொண்டுவந்தது. ஓடவும் குதிக்கவும் வசதி என்று பெண் குழந்தைகளுக்குத் தோன்றியதைத் தவிர அங்கே தர்மம் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. உடலை வளர்க்கும் வயதில் உடலை மறைப்பதைப் பற்றியே ஓயாமல் நினைவூட்டுவது கல்வியின் வேலையன்று. ஆண் பிள்ளைகளின் தலைமயிர் விஷயமும் இவ்விதமே. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நூறு பேர் எதிரில் நிறுத்திக் கத்தரிக்கோலை எடுக்கிற ஆசிரியர், உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்தும் தண்டனையையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியிருப்பதை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

இனி நெற்றிக்கு வருவோம். மத அடையாளத்தோடு சேர்ந்த உடை விவகாரத்துக்கும் இந்த ஊருக்கும் நீதிமன்றத்தின் வழியாக ஒரு தொடர்பு உண்டு. 2015ஆம் ஆண்டு திருச்சி மாவட்டத்து அக்கியம்பட்டியில் திருவிழாவை முன்னிட்டு ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டு ஒரு வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. போன வழக்கு ஆட்டத்தைப் பற்றியது, வந்த உத்தரவோ ஆடையைப் பற்றியது. 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் இன்னின்ன உடையில்தான் வரவேண்டும் என்று தனி நீதிபதி விதித்த அந்த உத்தரவைச் சில மாதங்களுக்குள் டிவிஷன் பெஞ்சு நீக்கிவிட்டது. மறுபடியும் 2022 பிப்ரவரியில், ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வேண்டுமென்று தொடுத்த வழக்கு சென்னையில் பொறுப்புத் தலைமை நீதிபதி அமர்வின் முன் வந்தபோது, பேன்ட், வேஷ்டி, சட்டை என்று ஆகமத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்று அமர்வு கேட்டது. ஒருவர் ஹிஜாபுக்காகவும் ஒருவர் வேஷ்டிக்காகவும் போராடுவதைக் குறிப்பிட்டு, தேசம் பெரிதா மதம் பெரிதா என்றும் வினவியது. உடுப்பி அரசுக் கல்லூரியில் முக்காடு அணிந்த மாணவிகள் வாசலில் நிறுத்தப்பட்டு, கர்நாடகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

உடுப்பி முக்காட்டு வழக்கின் கதி யாவரும் அறிந்தது. 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா ஒரு விதமாகவும் நீதிபதி சுதான்ஷு தூலியா நேர்மாறாகவும் தீர்ப்புச் சொல்லவே, விஷயம் பெரிய அமர்வை எதிர்நோக்கி நின்றது. பின்னர் மும்பை செம்பூரில் ஒரு கல்லூரி ஹிஜாபையும் தொப்பியையும் தடை செய்தபோது, அப்படியானால் திலகத்தையும் பொட்டையும் தடை செய்வீர்களா என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கேட்ட கேள்வி, சந்துரு அறிக்கையை எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. முக்காட்டை விலக்கும்போது கைதட்டியவர்கள் திலகத்துக்காகக் கண்ணீர் விடுவதும், முக்காட்டுக்காக வாதாடியவர்கள் திலகம் என்றதும் மௌனம் சாதிப்பதும் கொள்கையாகா.

ஸ்ரீரங்கவாசிகளுக்கு நெற்றிக்குறி பேதமற்ற பக்தியின் சின்னம் என்று சொன்னால் சிரிப்பு வரும். பாதம் வைத்த நாமமா, பாதமில்லாத நாமமா என்ற தகராறில் வடகலையாரும் தென்கலையாரும் நம் நாட்டு வைணவத் தலங்களில் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறியவர்கள். நெற்றியும் பிரிக்கக்கூடியதே என்பதை நாம் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆயினும், கயிற்றையும் திலகத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து விலக்கியது நீதிபதியின் அறிக்கையில் உள்ள குறை என்றே நமக்குப் படுகிறது. கயிறு, கட்டியவனைச் சூழ நிற்கும் கூட்டத்தை நோக்கியது. அதன் உத்தேசம் மிரட்டல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாட்டி இட்டுவிடும் திருநீறும் ஸ்ரீசூர்ணமும், தாய் கட்டிவிடும் முக்காடும், கழுத்தில் தொங்கும் சிறு சிலுவையும் எவரையும் மிரட்டுவதற்காக ஏற்பட்டவை அல்ல. மலைக்கோட்டையும் லூர்து மாதா கோயிலும் நத்தர்வலி தர்காவும் சிறிது தூரத்துக்குள் அமைந்த இந்த நகரத்தில், 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் நாமக்காரப் பிள்ளைகளும், பாதிரிமார்களின் செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராமேசுவரத்து அப்துல் கலாமும் ஸ்ரீரங்கத்து எழுத்தாளர் சுஜாதாவும் படித்திருக்கிறார்கள். அந்த அடையாளங்கள் பாடத்தைக் கெடுத்ததாக வரலாறு இல்லை. எந்தச் சின்னமானாலும், அது பிற பிள்ளையை அச்சுறுத்தவோ ஒதுக்கவோ பயன்படுகிறதா என்பதொன்றே பள்ளி கேட்க வேண்டிய கேள்வி. ஆம் என்றால் அது நாமமானாலும் நீக்கப்பட வேண்டும். இல்லை என்றால் அது முக்காடானாலும் விட்டுவைக்கப்பட வேண்டும். அதைத் தலைமையாசிரியர் ஆராய்ந்து சொல்ல வேண்டுமானால் அவருக்குத் தம் மாணவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கிவிட்டால் அந்தச் சிரமம் இல்லை என்பது உண்மைதான்.

அரசு செய்யக்கூடிய காரியம் ஒன்று, எந்த மதத்தாருடைய ஆட்சேபத்துக்கும் இடமின்றி, பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளையின் பெற்றோர், அதே அரசுப் பள்ளியில், அரசு விதித்த நிறத்தில், தம் கைப்பணத்தைப் போட்டுத் துணியெடுத்துத் தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. படிப்பை விட்டு வேலைக்குப் போகும் சபலம் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உண்டாகும் வயதும் அதுவே. பன்னிரண்டாம் வகுப்பு வரை அதை நீட்டியும், அந்தந்தப் பிள்ளைக்கு அளவெடுத்தும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே கையில் கிடைக்கும்படி செய்தும் கொடுப்பது பாப்பாக்குறிச்சியில் ஆரம்பித்த காரியத்தின் மிச்சமேயன்றி வேறில்லை. மணிக்கட்டைப் பற்றி இவ்வளவு பேசிய சட்டமன்ற உறுப்பினர்கள், அடுத்த மானியக் கோரிக்கையின்போது இதையும் எழுந்து கேட்க வேண்டுகிறோம்.